கிட் தரும் வரியிறுதி எச்சரிக்கை: பொருளும் பரிகாரமும்

கள நிலையங்களில் எடுக்கப்படும் அளவீடுகளும், ஆசிரியர்கள் தயாரிக்கும் பாடக் குறிப்புகளும், அவற்றைக் கணக்கிடும் நிரல்களும் இக்காலத்தில் கணிப்பொறிக் கோப்புகளாகவே சேமிக்கப்படுகின்றன. ஒரே கோப்பைப் பலர் திருத்தும்பொழுது, எவ்வரியை யார், எந்நாளில் மாற்றினார் என்பதை ஐயமின்றி அறிவதற்கு ஒரு சாதனம் தேவைப்படுகிறது. பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் எனப்படுவது அத்தகைய சாதனமேயாகும். அவற்றுள் இன்று பெருவழக்கிலுள்ளது ‘கிட்’ என்பது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலை வளர்ப்பதற்கென லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இதனைத் தொடங்கினார்.

இம்மென்பொருளைப் புதிதாகக் கையாள்வோர், முதல் நாளிலேயே ஓர் எச்சரிக்கையைக் காண நேரிடுகிறது. விண்டோஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பைச் சேர்க்கும் கட்டளையை இட்டவுடன், “இக்கோப்பில் எல்.எஃப். என்னும் குறி நீக்கப்பட்டு, அதனிடத்தில் சி.ஆர்.எல்.எஃப். என்னும் குறி வைக்கப்படும்” என்ற பொருள்பட ஒரு வரி திரையில் தோன்றுகிறது. பல ஆண்டுகள் வரை, அதனை அடுத்து, “உங்கள் பணிக் கோப்புறையில் இக்கோப்பு தன் பழைய வரியிறுதிக் குறிகளுடனேயே இருக்கும்” என்ற மற்றொரு வரியும் தோன்றி வந்தது. மாற்றப்படும் என்று ஒரு வாக்கியமும், மாறாமல் இருக்கும் என்று மறு வாக்கியமும் கூறுமாயின், படிப்பவர் மயங்குவது இயல்பே. இம்மயக்கத்தின் காரணத்தையும், அதனால் விளையும் தீங்கையும், அதனை முறையாகத் தீர்க்கும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வரியிறுதிக் குறிகளின் வரலாறு

தட்டெழுத்துப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் இரு செயல்கள் நிகழ வேண்டும். காகிதத்தைத் தாங்கிய உருளைவண்டியைத் தொடக்க இடத்திற்குத் தள்ளுதல் ஒன்று. காகிதத்தை ஒரு வரியளவு மேலே நகர்த்துதல் மற்றொன்று. தொலை அச்சுப் பொறிகள் வந்தபொழுது இவ்விரு செயல்களுக்கும் தனித்தனிக் குறிகள் அமைக்கப்பட்டன. 1963-ஆம் ஆண்டில் வெளியான ‘ஆஸ்கி’ என்னும் குறியீட்டுத் தரத்தில், தொடக்க இடத்திற்குத் திரும்பும் குறிக்கு 13 என்ற எண்ணும், வரி நகர்த்தும் குறிக்கு 10 என்ற எண்ணும் அளிக்கப்பட்டுள்ளன. முதலாவது சி.ஆர். எனவும், இரண்டாவது எல்.எஃப். எனவும் சுருக்கி வழங்கப்படுகின்றன.

அக்காலத் தொலை அச்சுப் பொறிகளுள் புகழ்பெற்ற ஒருவகை, நொடிக்குப் பத்து எழுத்துகளை அச்சிட்டது. வரியின் கடைசியிலிருந்து தொடக்க இடத்திற்குத் திரும்புவதற்கு ஓர் எழுத்துக்குரிய நேரம் போதாது. ஆகவே திரும்பும் குறியை முதலிலும், வரி நகர்த்தும் குறியை அடுத்தும் அனுப்புவது வழக்கமாயிற்று. பொறி திரும்பிக்கொண்டிருக்கும்பொழுதே காகிதமும் நகர்ந்துவிடும்.

பின்னர்க் கணிப்பொறிகளில் எழுத்துக் கோப்புகள் சேமிக்கப்பட்டபொழுது, இவ்விரு குறிகளையும் எவ்வாறு கையாள்வது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. யூனிக்ஸ் இயங்குதளத்தை ஆக்கியோர், கோப்பில் எல்.எஃப். ஒன்றே போதும் என முடிவு செய்தனர். அச்சிடும்பொழுது தேவையான மற்றொரு குறியைச் சாதன இயக்கி சேர்த்துக்கொள்ளும். யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸும் இம்முறையையே பின்பற்றுகிறது. எம்.எஸ். டாஸ் என்பதும் அதன் வழிவந்த விண்டோஸும் சி.ஆர்., எல்.எஃப். ஆகிய இரண்டையும் சேர்த்தே எழுதின. ஆப்பிள் நிறுவனத்தின் பழைய மெக்கின்டாஷ் கணிப்பொறிகள் சி.ஆர். ஒன்றையே கொண்டிருந்தன. 2001-ஆம் ஆண்டில் யூனிக்ஸ் அடிப்படையிலான புதிய இயங்குதளம் வெளியானபின் அவையும் எல்.எஃப். முறைக்கு மாறின.

காகிதமும் உருளைவண்டியும் மறைந்து பல ஆண்டுகள் ஆகியும், அவற்றின் குறிகள் மட்டும் இன்றளவும் கோப்புகளில் நிலைத்துள்ளன. இவை திரையில் தெரிவதில்லை. ஆயினும் ஒவ்வொன்றும் ஒரு பைட் இடத்தைக் கொள்கிறது. கிட் மென்பொருளோ கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பெரும்பான்மையான களஞ்சியங்களில், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து நாற்பது இலக்கங்கள் கொண்ட ஓர் அடையாள எண் கணக்கிடப்படுகிறது. ஒரு பைட் மாறினும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். ஆகவே மனிதர் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு கோப்புகள், கிட் மென்பொருளுக்கு வெவ்வேறானவையாகின்றன.

எச்சரிக்கை எவ்வாறு எழுகிறது?

கிட் மென்பொருளின் கீழுள்ள ஒரு கோப்புக்கு இரு இடங்கள் உண்டு. ஒன்று, களஞ்சியம், வரலாறு முழுவதும் அதில் பாதுகாக்கப்படும். மற்றொன்று, பணிக் கோப்புறை. அலுவலர் திறந்து திருத்தும் படி அதில் இருக்கும். இவ்விரு இடங்களையும் வேறுபடுத்தி உணர்தலே இப்பாடத்தின் திறவுகோலாகும்.

லினக்ஸ், விண்டோஸ் ஆகிய இரண்டையும் பயன்படுத்துவோர் ஒரே களஞ்சியத்தில் பணியாற்ற வசதியாக, ‘கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப்’ என்னும் அமைப்பு ஏற்படுத்தப்பட்டுள்ளது. அதற்கு மூன்று மதிப்புகள் உண்டு.

‘ட்ரூ’ என்பது முதலாவது. இதன்படி, கோப்பு களஞ்சியத்தில் சேரும்பொழுது இரட்டைக் குறி ஒற்றைக் குறியாகச் சுருக்கப்படும். களஞ்சியத்திலிருந்து பணிக் கோப்புறைக்கு எடுக்கப்படும்பொழுது ஒற்றைக் குறி இரட்டைக் குறியாக விரிக்கப்படும். விண்டோஸில் கிட் மென்பொருளை நிறுவும்பொழுது, வேறு தெரிவு செய்யாவிடில் இம்மதிப்பே அமைகிறது.

‘இன்புட்’ என்பது இரண்டாவது. இதன்படி, சேரும்பொழுது மட்டும் சுருக்கம் நிகழும். எடுக்கும்பொழுது விரிவு நிகழாது.

‘ஃபால்ஸ்’ என்பது மூன்றாவது. இதன்படி, இவ்வமைப்பின் காரணமாக எம்மாற்றமும் நிகழாது.

விண்டோஸ் கணிப்பொறியில் முதல் மதிப்பு அமைந்திருக்க, அலுவலர் ஒருவர் எல்.எஃப். ஒன்றையே கொண்ட கோப்பைச் சேர்க்கிறார் என்று கொள்க. லினக்ஸ் கணிப்பொறியிலிருந்தோ, அளவீட்டுக் கருவியிலிருந்தோ, நிரல் திருத்தி ஒன்றிலிருந்தோ அக்கோப்பு வந்திருக்கலாம். சேர்க்கும்பொழுது சுருக்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆகவே களஞ்சியத்தில் அஃது உள்ளவாறே சேர்கிறது. ஆனால் பின்னர் ஒருநாள் களஞ்சியத்திலிருந்து அதே கோப்பு மீண்டும் எடுக்கப்படும்பொழுது, ஒற்றைக் குறிகள் இரட்டைக் குறிகளாக விரிக்கப்பட்டிருக்கும். உள்ளே சென்றதும் வெளியே வருவதும் ஒன்றாக இரா. இதனைத்தான் கிட் முன்கூட்டியே அறிவிக்கிறது.

ஆகவே, எச்சரிக்கையில் கூறப்படும் மாற்றம் நிகழ்வது களஞ்சியத்தில் அன்று, பணிக் கோப்புறையில். அதுவும் இப்பொழுதன்று, அடுத்த முறை கிட் அக்கோப்பை எழுதும்பொழுது. பழைய எச்சரிக்கையின் முதல் வாக்கியம் எதிர்காலத்தைக் குறித்தது. இரண்டாம் வாக்கியம் நிகழ்காலத்தைக் குறித்தது. ஆனால் எந்த இடம், எந்தக் காலம் என்பதை அவ்விரு வாக்கியங்களும் தெளிவாகக் கூறவில்லை. 2022-ஆம் ஆண்டில் இச்சொற்றொடர் திருத்தப்பட்டது. “பணிப்படியில் உள்ள இன்ன கோப்பில், அடுத்த முறை கிட் அதனைத் தொடும்பொழுது, எல்.எஃப். குறி சி.ஆர்.எல்.எஃப். குறியாக மாற்றப்படும்” என்ற பொருள்பட அஃது இன்று அமைந்துள்ளது. இடமும் காலமும் இப்பொழுது விளங்குகின்றன. எனினும், பழைய பதிப்பு நிறுவப்பட்ட கணிப்பொறிகளில் பழைய வாசகமே தோன்றும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தவறான பரிகாரமும் அதன் விளைவும்

எச்சரிக்கையைக் கண்டு அஞ்சுவோர் வழக்கமாக இரண்டு தவறான வழிகளுள் ஒன்றை மேற்கொள்கின்றனர்.

முதலாவது, எச்சரிக்கையை மட்டும் நிறுத்திவிடுதல். ‘கோர்.சேஃப்சிஆர்எல்எஃப்’ என்னும் அமைப்பில் ‘ஃபால்ஸ்’ என்ற மதிப்பை இட்டால் எச்சரிக்கை தோன்றாது. ஆனால் மாற்றம் முன்போலவே நிகழும். புகை தெரியாதவாறு சன்னலை மூடினால் அடுப்பு அணைந்துவிடாது.

இரண்டாவது, மாற்றத்தையே நிறுத்திவிடுதல். இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு மழைமானி நிலையத்தில் ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு எடுக்கப்பட்ட மழையளவுகள், நாளுக்கு ஒரு வரியாக ஒரு கோப்பில் பதிவாகியுள்ளன என்று கொள்க. 2019 முதல் 2023 வரை ஐந்து ஆண்டுகளுக்கு 1,826 நாட்கள் ஆகின்றன. தலைப்பு வரியுடன் சேர்த்து 1,827 வரிகள். தலைமை அலுவலகத்திலுள்ள லினக்ஸ் கணிப்பொறியில் தொடங்கப்பட்ட இக்கோப்பு, களஞ்சியத்தில் எல்.எஃப். குறிகளுடன் இருக்கிறது.

கள அலுவலர், எச்சரிக்கையைக் கண்டு, தம் விண்டோஸ் கணிப்பொறியில் ‘ஃபால்ஸ்’ என்ற மதிப்பை இடுகிறார். பின்னர் ஒரு நாளின் அளவைத் திருத்துவதற்காகக் கோப்பைத் திறக்கிறார். 12.4 மில்லிமீட்டர் என்று இருக்கவேண்டியது, விரல் பிறழ்ந்து 21.4 என்று பதிவாகிறது. அவர் பயன்படுத்தும் திருத்தி, கோப்பைச் சேமிக்கும்பொழுது எல்லா வரிகளுக்கும் இரட்டைக் குறியை இட்டுவிடுகிறது. இப்பொழுது அக்கோப்பு களஞ்சியத்தில் சேரும்பொழுது சுருக்கம் நிகழாது. மாறியது ஒரு வரி; ஆனால் 1,827 வரிகளும் மாறியதாகக் கிட் காட்டும்.

தலைமை அலுவலகத்தில் மாற்றங்களைச் சரிபார்ப்பவர், நீக்கப்பட்ட 1,827 வரிகளையும், அவற்றுக்கு ஈடாகச் சேர்க்கப்பட்ட 1,827 வரிகளையும் காண்கிறார். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றுகின்றன. பிழையான ஒரு வரி அக்கூட்டத்தில் மறைந்துவிடுகிறது. மேலும், ‘கிட் பிளேம்’ என்னும் கட்டளை, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரின் பெயரைக் காட்டுவது. இனி அஃது ஐந்து ஆண்டு அளவுகள் அனைத்துக்கும் இக்கள அலுவலர் பெயரையே காட்டும். உண்மையில் அளவெடுத்தவர்கள் பெயர்கள் பின்னே தள்ளப்பட்டுவிடும். பதிப்புக் கட்டுப்பாட்டின் முதல் நோக்கமே இவ்வாறு கெடுகிறது.

வேறு தொல்லைகளும் உண்டு. கோப்பைப் படிக்கும் நிரல் எல்.எஃப். ஒன்றையே எதிர்பார்த்து எழுதப்பட்டதாயின், ஒவ்வொரு வரியின் கடைசி மதிப்போடும் சி.ஆர். குறி ஒட்டிக்கொள்ளும். 12.4 என்று திரையில் தெரிந்தாலும், ஒப்பிடும்பொழுது அது 12.4 ஆக இராது. லினக்ஸில் இயங்கவேண்டிய கட்டளை நிரல் ஒன்றின் முதல் வரியில் சி.ஆர். குறி புகுந்துவிட்டால், அந்நிரலை இயக்கவேண்டிய மொழிபெயர்ப்பியின் பெயரோடு அக்குறியும் சேர்ந்துவிடும். அத்தகைய பெயருடைய கோப்பு எங்கும் இல்லை. ஆகவே, “அவ்வாறான கோப்பு இல்லை” என்ற செய்தி வரும். நிரற்கோப்போ கண்ணெதிரே இருக்கும். இதுவும் ஒரு மயக்கும் செய்தியேயாகும்.

எச்சரிக்கை உண்மையாக வேண்டப்படும் இடம்

மேற்கூறியவற்றால், இவ்வெச்சரிக்கை எப்பொழுதும் பொருளற்றது என்று முடிவு செய்தலாகாது. எழுத்துக் கோப்புகளில் வரியிறுதி மாற்றம் தீங்கற்றது. படங்கள், ஒலிப்பதிவுகள், சுருக்கப்பட்ட தொகுப்புகள் முதலிய இருமக் கோப்புகளில் அதே மாற்றம் கோப்பையே அழித்துவிடும். அவற்றில் 13, 10 என்னும் எண்கள் வரியிறுதியைக் குறிப்பனவல்ல. தரவின் ஒரு பகுதியாக அமைந்தவை.

பி.என்.ஜி. என்னும் பட வகை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதன் விவரக்குறிப்பு 1996-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஒவ்வொரு பி.என்.ஜி. கோப்பும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்னும் எட்டு பைட்களுடன் தொடங்கும். இதில் 13, 10 என்ற இணையும், பின்னர்த் தனியான 10-ம் இருப்பது தற்செயலன்று. வரியிறுதி மாற்றம் எதுவும் கோப்பில் நிகழ்ந்திருப்பின், தொடக்கத்திலேயே அது வெளிப்படவேண்டும் என்பதற்காகவே அவை வைக்கப்பட்டன. இக்கோப்பை எழுத்துக் கோப்பு என்று தவறாகக் கருதி, களஞ்சியத்தில் சேர்க்கும்பொழுது சுருக்கினால், 13 நீங்கி, எட்டு பைட்கள் ஏழாகும். மீண்டும் எடுக்கும்பொழுது விரித்தால், இரு 10-களுக்கு முன்னும் 13 சேர்ந்து, ஏழு பைட்கள் ஒன்பதாகும். தொடக்கத்திலிருந்த எட்டு மீண்டும் வருவதில்லை. படத்தைத் திறக்கும் மென்பொருள், இது பி.என்.ஜி. கோப்பு அன்று என மறுத்துவிடும்.

கிட் மென்பொருள் இத்தவற்றைத் தவிர்க்கக் கோப்பின் உள்ளடக்கத்தை ஆராய்கிறது. சுழி மதிப்புடைய பைட் காணப்பட்டாலோ, அச்சிட இயலாத குறிகள் மிகுந்திருந்தாலோ, அதனை இருமக் கோப்பு எனக் கொண்டு தொடாமல் விட்டுவிடும். ஆயினும் இவ்வாராய்ச்சி ஓர் ஊகமே. ஊகம் தவறும் இடத்தில்தான் எச்சரிக்கை உதவுகிறது. எச்சரிக்கையில் குறிப்பிடப்படும் கோப்பு ஒரு படமாகவோ தொகுப்பாகவோ இருப்பின், அங்கேயே நின்றுவிட வேண்டும். அந்நிலையில் களஞ்சியத்தில் சேர்ந்த படி கெட்டிருக்கலாம். ஆனால் பணிக் கோப்புறையிலுள்ள மூலப் படி இன்னும் கெடவில்லை. அக்கோப்பு இருமக் கோப்பு என்று கிட் மென்பொருளுக்கு உடனே அறிவித்து, மீண்டும் சேர்த்தால் இழப்பின்றி மீளலாம். “பணிக் கோப்புறையில் இக்கோப்பு தன் பழைய குறிகளுடனேயே இருக்கும்” என்ற பழைய வாக்கியத்தின் பயனும் இதுவேயாகும். திருத்திக்கொள்ள நேரம் உண்டு என்பதை அது கூறியது. கூறிய விதமே போதாததாயிற்று.

ஆராயும் முறை

கீழே தரப்படும் கட்டளைகள் ஒலிப்பு முறையில் தமிழில் எழுதப்பட்டுள்ளன. கணிப்பொறியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்தல் வேண்டும்.

1. எச்சரிக்கையில் உள்ள கோப்பின் பெயரையும், மாற்றத்தின் திசையையும் குறித்துக்கொள்க. ஒற்றைக் குறி இரட்டையாவதா, இரட்டைக் குறி ஒற்றையாவதா என்பது முக்கியம். முதலாவது, பெரும்பாலும் ‘ட்ரூ’ என்ற மதிப்பால் விளைவது. இரண்டாவது, ‘இன்புட்’ என்ற மதிப்பாலோ, எல்.எஃப். குறியையே வேண்டும் பண்பு விதியாலோ விளைவது.

2. அக்கோப்பு எழுத்துக் கோப்பா, இருமக் கோப்பா என்று உறுதி செய்க. இருமக் கோப்பாயின் மேலே கூறியவாறு உடனே திருத்துக.

3. ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --ஈஓஎல்’ என்னும் கட்டளையை இடுக. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி தோன்றும். ‘ஐ’ என்ற எழுத்தின் பின் வருவது, களஞ்சியத்திற்கெனச் சேர்க்கப்பட்ட படியின் நிலை. ‘டபிள்யூ’ என்ற எழுத்தின் பின் வருவது, பணிக் கோப்புறைப் படியின் நிலை. அவற்றை அடுத்து, அக்கோப்புக்குரிய பண்பு விதி காணப்படும். இரண்டு நிலைகளும் வேறுபட்டிருப்பது தானே பிழையன்று. ‘மிக்ஸ்டு’ என்று காணப்பட்டால், ஒரே கோப்பில் இருவகைக் குறிகளும் கலந்துள்ளன என்பது பொருள். அதனைச் சீராக்க வேண்டும்.

4. ‘கிட் கன்ஃபிக் --ஷோ-ஆரிஜின் --கெட் கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப்’ என்னும் கட்டளையால், நடைமுறையிலுள்ள மதிப்பையும், அது எந்த அமைப்புக் கோப்பிலிருந்து வருகிறது என்பதையும் அறிக. பல சமயங்களில், தாம் இடாத மதிப்பு நிறுவும்பொழுதே அமைந்துவிட்டது என்பது இதனால் தெரியவரும்.

5. எல்லா வரிகளும் மாறியதாகக் காட்டப்பட்டால், ‘கிட் டிஃப் --இக்னோர்-சிஆர்-அட்-ஈஓஎல்’ என்னும் கட்டளையை இடுக. வரியிறுதி வேறுபாடுகள் விலக்கப்பட்டு, உண்மையான மாற்றங்கள் மட்டும் காணப்படும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், 12.4 என்பது 21.4 ஆன வரி ஒன்றே எஞ்சி நிற்கும். கோப்பின் அளவை மட்டும் ஒப்பிட்டு அமைதியடைதல் கூடாது. இவ்வெடுத்துக்காட்டில் அளவு வேறுபாடு சரியாக 1,827 பைட்களாகவே இருக்கும். இலக்கம் இடம்மாறிய பிழை அதில் தெரியாது.

நிலையான பரிகாரம்

‘கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப்’ என்னும் அமைப்பு ஒவ்வொருவர் கணிப்பொறியிலும் தனித்தனியே இருப்பது. ஒருவர் மாற்றினால் மற்றவருக்கு அது தெரியாது. ஆகவே விதியைக் களஞ்சியத்தினுள்ளேயே எழுதிவைப்பது நன்று. அதற்கென ‘.கிட்ஆட்ரிபியூட்ஸ்’ என்னும் பெயருடைய ஒரு கோப்பு உண்டு. அதில் உள்ள விதி, தனியார் அமைப்பைவிட மேலானதாகக் கொள்ளப்படும். மழையளவுக் களஞ்சியத்திற்கு ஏற்ற விதிகள் பின்வருமாறு அமையலாம்:

* டெக்ஸ்ட்=ஆட்டோ
*.சிஎஸ்வி டெக்ஸ்ட் ஈஓஎல்=எல்எஃப்
*.எஸ்எச் டெக்ஸ்ட் ஈஓஎல்=எல்எஃப்
*.பேட் டெக்ஸ்ட் ஈஓஎல்=சிஆர்எல்எஃப்
*.பிஎன்ஜி பைனரி

முதல் வரி, கோப்பு எவ்வகையினது என்று ஆராய்ந்தபின் எழுத்துக் கோப்புகளை மட்டும் சீராக்குமாறு கூறுகிறது. இரண்டாம் மூன்றாம் வரிகள், அளவுப் பட்டியல்களும் லினக்ஸ் கட்டளை நிரல்களும் எங்கும் எல்.எஃப். குறியுடனேயே இருக்கவேண்டும் என்கின்றன. நான்காம் வரி, விண்டோஸ் கட்டளை நிரல்களுக்கு இரட்டைக் குறியை விதிக்கிறது. ஐந்தாம் வரி, படங்களைத் தொடலாகாது என்கிறது.

முதல் வரியில் ‘ஆட்டோ’ என்ற சொல்லை விட்டுவிடலாகாது. ‘டெக்ஸ்ட்’ என்று மட்டும் எழுதினால், ஆராய்ச்சி எதுவுமின்றி எல்லாக் கோப்புகளும் எழுத்துக் கோப்புகளாகவே கருதப்படும். தனி விதி இல்லாத படங்கள் யாவும் கெடும். ஒரு சொல் விடுபடுவதால் நேரும் இழப்பு இது.

விதிக் கோப்பைச் சேர்த்தபின், பழைய கோப்புகளை அவ்விதிக்கு ஒத்ததாக்க வேண்டும். அலுவலர் அனைவரும் தங்கள் பணிகளை ஒப்படைத்துவிட்டனர் என்று உறுதிசெய்துகொண்டு, ‘கிட் ஆட் --ரீநார்மலைஸ் .’ என்னும் கட்டளையை இடுக. இறுதியிலுள்ள புள்ளியும் கட்டளையின் பகுதியே. 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான 2.16 என்னும் பதிப்பு முதல் இவ்வசதி உள்ளது. இம்மாற்றத்தைத் தனிப் பதிவாகவே சேர்க்க வேண்டும். அளவுத் திருத்தம் எதையும் அதனுடன் கலத்தல் கூடாது. அவ்வாறு தனிப்படுத்தினால், ‘கிட் பிளேம்’ கட்டளை அப்பதிவைக் கணக்கில் கொள்ளாதவாறு செய்யவும் இயலும். 2019-ஆம் ஆண்டு முதல் அதற்குரிய அமைப்பும் கிட் மென்பொருளில் உண்டு. அளவெடுத்தவர்கள் பெயர்கள் மீண்டும் தத்தம் வரிகளில் தோன்றும்.

விதி அமைந்தபின், எல்.எஃப். குறியுடன் உள்ள அளவுப் பட்டியலை விண்டோஸில் சேர்த்தாலும் அப்பட்டியல் குறித்து எச்சரிக்கை எழாது. எச்சரிக்கை அடக்கப்பட்டதனால் அன்று. அதன் காரணம் நீங்கியதனால்.

தமிழ்க் கோப்புகளைப் பற்றிய குறிப்பு

தமிழில் எழுதப்பட்ட கோப்புகள் யூ.டி.எஃப்.-8 முறையில் சேமிக்கப்பட்டிருப்பின், கிட் அவற்றை எழுத்துக் கோப்புகளாகவே கருதும். ஆனால் சில மென்பொருள்கள் ‘யூனிகோட்’ என்ற பெயரில் யூ.டி.எஃப்.-16 முறையில் சேமிக்கின்றன. அம்முறையில் எண்களும் இடைவெளிகளும் வரியிறுதிக் குறிகளும் சுழி மதிப்புடைய பைட்டுடன் சேர்ந்தே வருவதால், கிட் அதனை இருமக் கோப்பு என முடிவு செய்யும். வரிக்கு வரி வேறுபாடு காண இயலாமற் போகும். பாடக் குறிப்புகளையும் அளவுப் பட்டியல்களையும் யூ.டி.எஃப்.-8 முறையிலேயே சேமித்தல் நன்று.

வகுப்பறைப் பயிற்சி

ஆசிரியர்கள் இதனை எளிய பயிற்சியால் விளக்கலாம். 12, 7, 30 என்னும் எண்களை ஒவ்வொன்றும் ஒரு வரியாக ஒரு கோப்பில் எழுதி, கடைசி வரியின் முடிவிலும் வரியிறுதி இருக்குமாறு சேமிக்கச் செய்க. எண்களுக்கு ஐந்து பைட்கள். எல்.எஃப். முறையில் மூன்று குறிகள் சேர்ந்து கோப்பின் அளவு எட்டு பைட்கள் ஆகும். சி.ஆர்.எல்.எஃப். முறையில் ஆறு குறிகள் சேர்ந்து பதினொரு பைட்கள் ஆகும். வேறுபாடு மூன்று, வரிகளின் எண்ணிக்கையும் மூன்று. கண்ணுக்குத் தெரியாத குறிகள் உண்மையில் இடம்கொள்கின்றன என்பதை மாணவர் இதனால் உணர்வர். விண்டோஸில் உள்ள நோட்பேட் என்னும் திருத்தி, 2018-ஆம் ஆண்டு முதல் எல்.எஃப். கோப்புகளையும் சரியாகக் காட்டுகிறது. எவ்வகைக் குறி என்பதையும் அடிப்பட்டையில் தெரிவிக்கிறது. அதற்கு முன்னர் அத்தகைய கோப்பு முழுவதும் ஒரே வரியாகவே அதில் தோன்றியது.

முடிவு

மென்பொருள் தரும் செய்தி ஒவ்வொன்றையும் படிக்கும்பொழுது, எந்த இடத்தைப் பற்றி அது பேசுகிறது, எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறது என்னும் இரு வினாக்களைக் கேட்டல் வேண்டும். கிட் தரும் மற்றொரு செய்திக்கும் இது பொருந்தும். ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்னும் கட்டளை, “உங்கள் கிளை தொலைக் களஞ்சியத்தின் கிளையுடன் ஒத்துள்ளது” என்று கூறுவதுண்டு. அப்பொழுது அது தொலைக் களஞ்சியத்தைத் தொடர்புகொள்வதில்லை. கடைசியாகச் செய்தி பெற்ற நாளில் இருந்த நிலையையே கூறுகிறது. பத்து நாட்களாகத் தொடர்பு இல்லாத கள நிலையத்திலும் அதே செய்தி தோன்றும். ‘கிட் ஃபெட்ச்’ என்னும் கட்டளையை முதலில் இட்டபின்னரே அச்செய்தியை நம்பலாம்.

எச்சரிக்கையைக் கண்டவுடன் அதனை அடக்குவதும் தவறு. அஞ்சிப் பணியை நிறுத்துவதும் தவறு. கோப்பின் வகையை அறிந்து, இரு படிகளின் நிலையை ஒப்பிட்டு, விதியைக் களஞ்சியத்தில் எழுதிவைத்தால், ஒரு நாள் காலையில் எடுக்கப்பட்ட மழையளவு, எடுத்தவர் பெயருடன், எழுதியவாறே என்றும் நிலைத்திருக்கும்.